நாம மாலத்தீவு போறோம்

தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய வீட்டில் கக்கூஸ் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் ஜொஹரா பீவியின் முதல் கவலை.

கேட்டே விட்டாள்.

போனுக்குள் மருமகள் ஃபர்ஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். கடலுக்குப் போகாது என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் மாமியாருக்கு அடுத்த படத்தைப் பார்க்க மனம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அசர் தொழுகை முடிந்த நேரம். இங்கே வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஜொஹரா பீவி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். அங்கே பாரிசில் ஃபர்ஹானா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக இரண்டு பேருக்கும் இதே வேலைதான். எந்தத் தீவு, எந்த வீடு, எத்தனை வேளை சாப்பாடு.

முதல் வாரம் அந்தப் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“மாமி, டிசம்பர்ல நாம மாலத்தீவு போறோம். எந்த வூடு நல்லா இருக்கு, நீங்க சொல்லுங்க.”

ஃபர்ஹானா பாரிசிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ், பெற்றவர்கள் பேசக் கேட்டுப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆபித்தோடு நிக்காஹ் நடந்ததையே ஜொஹரா பீவி இந்தப் போனில்தான் பார்த்தாள். மூன்று வருடமாகிறது. மருமகளை இன்னும் ஒரு தடவை தொட்டுப் பார்த்ததில்லை.

மகனைத் தொட்டே நான்கு வருடம்.

அத்தா காஜா மொய்தீன் மௌத்தான செய்தி கேட்டு ஓடி வந்தான் ஆபித். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான், பத்தாம் நாள் கிளம்பிவிட்டான். அதன்பிறகு இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

இப்போது ஆறு நாள். ஒரே கூரைக்குக் கீழே ஆறு நாள். காலையில் எழுந்தால் அவன் முகத்தில் விழிக்கலாம். அதற்காகக் கடல் நடுவே என்ன, பாலைவனத்துக்குக் கூப்பிட்டாலும் ஜொஹரா பீவி போவாள்.

புதுச்சேரிக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்ப் பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயிற்று. போட்டோவில் திருட்டு கேஸில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறாள், போகட்டும். முழுக்கை வைத்து மூன்று நைட்டி தைத்தாயிற்று. ஆறு நாளைக்குக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுத் தையலம்மாளிடம் சொல்லியாயிற்று. தையலம்மாளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரிதான்.

ஆபித்திடம் மட்டும் பாஸ்போர்ட் விஷயத்தைச் சொல்லவில்லை. அவன் கேட்கும்போது சட்டென்று எடுத்துக் காட்டி அசத்த வேண்டும்.

அடுத்த படம் வந்தது. அறை நடுவே கண்ணாடித் தரை, அதற்கடியில் மீன்கள் போய்க்கொண்டிருந்தன.

“காலுக்குக் கீழ மீனு ஓடுனா புத்தி தொழுகையிலயா நிக்கும்?” என்று அதைத் தள்ளினாள்.

அதற்கடுத்தது பிடித்துவிட்டது. வாசலில் இருந்தே கடலுக்குள் இறங்கப் படிக்கட்டு. கட்டில் ஒன்றுதான் தெரிந்தது. அதனால் என்ன, அவளுக்கு ஒரு பாய் போதும். கொண்டுபோக வேண்டிய சாமான்களில் பாயையும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

திரையில் ஃபர்ஹானாவுக்குப் பின்னால் ஆபித் கடந்து போனான். “இன்னாம்மா, மாத்திர போட்டியா?” என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

“இதையே புக் பண்ணிடறேன் மாமி,” என்றாள் ஃபர்ஹானா. பிறகு குரலைத் தணித்து, மாமியார் பயந்துவிடக் கூடாதே என்ற அக்கறையோடு சொன்னாள். “அந்தத் தீவுல போன் சரியா கிடைக்காதாம். நீங்க பயப்படக் கூடாது. நாம திரும்பி வந்ததும் உங்களுக்கு போன் பண்றோம்.”

ஜொஹரா பீவி அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

நாம திரும்பி வந்ததும் உங்களுக்கு.

அந்தப் பேச்சில் அவள் இரண்டு இடத்தில் இருந்தாள். தீவுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவளும் அவள்தான், சுல்தான்பேட்டையில் போன் வருமா என்று காத்திருப்பவளும் அவள்தான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

அப்போதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாம கல்யாணம் பண்ணி மூணு வருசம் ஆச்சு மாமி என்பாள் இந்தப் பெண். நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், அதான் சமைக்க நேரமில்ல என்பாள். கேட்டுச் சிரித்திருக்கிறாளே தவிர ஜொஹரா பீவி யோசித்ததில்லை. நாங்க என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததே இல்லை. பாவம், அப்படி ஒரு சொல் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஆறு நாள் போயிற்று என்பது மட்டும்தான் தெரிந்தது.

“மாமி?” ஃபர்ஹானா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். “நான் தமிழ்ல ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?”

சொல்லிக் கொடுக்கலாம். ஒரே ஒரு சொல்தான், கெட்டிக்காரப் பெண், உடனே பிடித்துக்கொள்வாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்க சாப்பிட்டோம், நாங்க நல்லா இருக்கோம், நாங்க போயிட்டு வரோம் என்று பிழையில்லாமல் பேசுவாள்.

காஜா மொய்தீன் போன பிறகு ஜொஹரா பீவியைச் சேர்த்துக்கொண்டு நாம என்று சொல்ல இந்த ஒரு வாய்தான் இருக்கிறது.

“இல்ல புள்ள, சரியாத்தான் சொன்ன,” என்றாள். “இன்னொரு வாட்டி சொல்லு.”