நீலத் துண்டுப்பிரசுரம்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஏப்ரல் மாதச் சனிக்கிழமை மத்தியானம். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட ஜிம். பழமைவாதக் கட்சியொன்று தன் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. போட்டியிடும் இரண்டு வெள்ளைக்காரரும் ஒரே கட்சி. ஒருவருக்கு மங்களேஸ்வரன் வேலை செய்கிறார், மற்றவருக்குச் செலீன்; இருவரும் இலங்கைத் தமிழர். மங்களேஸ்வரன் மடக்குக் கதிரைகளில் நீலத் துண்டுப்பிரசுரங்களை வைத்துக்கொண்டு வருகிறார். உயரத்து யன்னல் வெயில் அவருடைய புதுக் கோட்டில் விழுகிறது. செலீன் ஒன்றை எடுத்து வாசிக்கிறாள். "அண்ணை, உதிலை என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனீங்களோ?" "உங்கட ஆளைப் பற்றி ஏதோ. எலெக்சன் எண்டால் உப்பிடித்தான், பிள்ளை." அவள் ஒரு இங்கிலீஷ் வரியில் விரலை வைத்துத் தமிழில் சொல்கிறாள். "இங்கிலீஷ் தெரியாத அகதியளை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டுவந்து வோட்டுப் போடவைச்சு வெல்லப் பாக்கிறாராம். எங்களைத்தான் அண்ணை." அவர் கண்ணாடியை மாட்டி அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கிறார். வாசலில் பஸ் வந்து நிற்கிறது. தமிழர்கள் உள்ளே வந்து பின் மூன்று வரிசைகளில் இருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அவருக்குக் கையசைக்கிறார். மேடையருகில் நிற்கும் அவருடைய வேட்பாளர், கெதியாக வைக்கும்படி சைகை காட்டுகிறார். மங்களேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறார். தமிழர் இருக்கும் மூன்று வரிசைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றக் கதிரைகளில் தொடர்ந்து வைத்துக்கொண்டு போகிறார்.