கையெழுத்தாகாத நோட்டீஸ்

"எங்கே அந்த ஒட்டுக்காரர்?"

அட்டைப்பெட்டி கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவு அதிரும்படி மேனேஜர் கத்தினார். கையில் எச்சரிக்கை நோட்டீஸ்.

"இன்னைக்கு லீவு சார். உடம்பு முடியலையாம்."

"இன்னைக்குமா? போச்சு, இதுவும் வேஸ்ட்!"

நோட்டீஸைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

நாலு மாதமாக இதே கூத்துதான். அடிக்கடி லீவு போடும் ஒட்டுக்காரரை வேலையை விட்டு அனுப்ப முதலாளி முடிவு செய்துவிட்டார். ஆனால் அதற்கு முன் மூன்று நோட்டீஸ் கொடுத்து, மூன்றிலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. இதுவரை ஒன்றுகூட ஆகவில்லை.

நோட்டீஸ்களை டைப் அடித்துக் கொடுக்கும் டைப்பிஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி வயிற்றில் அடிக்க இந்த மேனேஜருக்கு எவ்வளவு துடிப்பு! நல்லவேளை, கெட்ட புத்தியோடு மந்த புத்தியும் சேர்ந்திருக்கிறது.

முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு நோட்டீஸ் கொடுக்க நாலு மாசமாய்யா?"

"நான் போற நாளாப் பார்த்து லீவு போட்டுடறார் சார்."

"தபால்ல அனுப்பித் தொலை!"

"நேர்ல கொடுக்கலைன்னா கோர்ட்ல நிக்காது சார்."

கோர்ட் என்றதும் முதலாளி தண்ணீர் குடித்தார்.

"நாளைக்கு அவர் வந்ததும் கொடு!"

"இன்னைக்குத் தேதி போட்டது நாளைக்குச் செல்லாது சார். நாளைக்கு நான் வேற ஸ்டாக் எடுக்கணும். அடுத்த வாரம் விடமாட்டேன் சார்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒட்டுக்காரரே மேனேஜர் அறைக்கு வந்து நின்றார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் பதறி நிமிர்ந்தாள். தானாக வந்து மாட்டிக்கொண்டாரே!

"சார், நேத்து என்னைத் தேடினீங்களாமே?"

"தேடினது நேத்து! இன்னைக்கு எதுக்குய்யா வந்து நிக்கறீங்க? போய் வேலையைப் பாருங்க!"

ஒட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூணு தடவை போனாப் போதுமாம் சார். அதுக்கப்புறம் லீவே வேண்டியிருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

ஒட்டுக்காரர் வெளியே போகும்வரை மேனேஜர் காத்திருந்து, சீட்டை டைப்பிஸ்ட் பக்கம் தள்ளினார்.

"மூணு நோட்டீஸ் அடிச்சு வைம்மா. என்னைக்கு என்னைக்குன்னு தேதி இதுல இருக்கு."