பரீட்சையில் வருகிற நர்ஸ்

இதோடு நாலாவது சனிக்கிழமை. அதே மாதிரிக் கேள்வி, அதே தப்பான பதில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நதேஜுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இந்த குயெர்டா அக்காவுக்குத் தலையில் களிமண்ணா என்ன?

அமெரிக்காவில் பிராக்டன் ஊரில் ஹெய்ட்டிக்காரர்கள் கூடும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அந்த வகுப்பு. முதியோர் இல்லங்களில் உடம்பு துடைத்து, படுக்கை மாற்றுகிற பெண்கள் பத்துப் பேர், பெரிய நர்ஸுக்கு அடுத்தபடியான பிராக்டிகல் நர்ஸ் லைசன்ஸுக்குப் படிக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் யோலெத் மேடம். இருபது வருஷம் பெரிய நர்ஸாக இருந்தவர். காசே வாங்குவதில்லை, புண்ணியவதி.

குயெர்டா ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவள். செவ்வாய்க்கிழமை மூன்றாவது தடவை. இதுவும் போனால் இனி எழுதத் தெம்பில்லை என்று அவளே சொல்லியிருந்தாள்.

கேள்வி என்னவோ சுலபம்தான். காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் மத்தியானம் உளறுகிறார். உடம்பு சில்லென்று வேர்த்திருக்கிறது. பிரஷர் இறங்கிவிட்டது. பிராக்டிகல் நர்ஸ் அடுத்து என்ன செய்ய வேண்டும்? ஏ, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பது. பி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. சி, பெரிய நர்ஸிடம் உடனே சொல்வது. டி, தானே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது.

குயெர்டா டி என்று எழுதியிருந்தாள். மேடம் அதன்மேல் பெரிதாக ஒரு முட்டை போட்டார்.

"ஏம்மா, பெரிய நர்ஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வர மாட்டாங்க மேடம்."

"பரீட்சையில வருவாங்க."

வகுப்பே சிரித்தது. நதேஜும் சிரித்தாள்.

பார்ப்பதும் சொல்வதும் உன் வேலை, முடிவு எடுப்பது பெரிய நர்ஸின் வேலை, அதை நம்பி எழுதினால்தான் லைசன்ஸ் என்று மேடம் பொறுமையாக விளக்கிவிட்டு மறுபடி கேட்டார். குயெர்டா தாளில் எழுதியிருந்த டியை அடித்தாள். பிறகு தலையைக் குனிந்தபடியே "சி" என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். மேடம் அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

நாற்காலிகளை மடக்கி வைக்கும்போது நதேஜ் குயெர்டாவைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்துகொண்டே தப்பாக எழுத என்ன பிடிவாதம் என்று கேட்டாள்.

அப்போதுதான் குயெர்டா வாயைத் திறந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஏஜென்சி மூலமாக ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வாரம் வேலை. டோனெல்லி என்று ஒரு பெரியவர். கேள்வியில் இருந்த அத்தனையும் அவருக்கும் இருந்தது. ஓடிப் போய்ப் பெரிய நர்ஸிடம் சொன்னாளாம்.

"'நீ துடைக்கிற வேலையைப் பாரு, முடிவு நான் எடுத்துக்கறேன்'னாங்க. மூணு தடவை போய்ச் சொன்னேன்டி. அவங்க எழுந்து வர்றதுக்குள்ள அவர் போயிட்டார். அன்னைக்கு நானே ஃபோனைத் தூக்கியிருந்தா பிழைச்சிருப்பாரோ என்னவோ. ரிப்போர்ட்ல யாரும் சொல்லவேயில்லைன்னு எழுதிட்டாங்க."

நதேஜ் கையிலிருந்த நாற்காலியைப் பொத்தென்று கீழே வைத்தாள். "சும்மாவா விட்டீங்க? யாருக்கா அந்தப் பாவி? இந்த ஊர்லதான் இருக்காளா?"

குயெர்டா கடைசி நாற்காலியையும் மடக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியலைடி. துடைக்க வர்றவ முகத்தை யாரு பாத்தா? இப்பத்தானே என் கன்னத்தைத் தட்டிட்டுப் போனாங்க."