மண்ணின் வரிசை

ஆற்று மேட்டுக் காட்டில் மண் பரிசோதிக்க வந்த தணிகாசலத்திடம் செங்கமலம் கேட்டது ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு முன் அவளுடைய பச்சைக் குழந்தையைப் புதைத்த இடம் தெரிய வேண்டும். புதைக்கப் போகையில் பெண்கள் கூடப் போகும் வழக்கம் அங்கே இல்லை. “மருத மரத்தடியில” என்று மட்டும் சொல்லிவந்த கணவனும் போய்ச்சேர்ந்துவிட்டான். காட்டில் மருத மரம் ஒன்பது.

இந்த மணல் எலும்பைக்கூட மிச்சம் வைக்காது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மண்ணை அடுக்கு கலையாமல் எடுக்கும் துளைக்கோலை இறக்கினார். மேலே இலை மக்கிய கருப்பு, அதன்கீழ் சாம்பல் வெளுப்பு, அடியில் செம்மணல். எட்டு மரத்தடியிலும் அதே வரிசை. ஒருமுறை தோண்டி மூடிவிட்டால் அந்த வரிசை கலைந்துவிடும், லேசில் திரும்பாது.

“போதும் சார், வெயில் ஏறுது. எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்.”

“இன்னும் ஒண்ணு இருக்கேம்மா.”

ஒன்பதாவது மரத்தடியில் கோலை உருவினார். கருப்பும் வெளுப்பும் சிவப்பும் ஒன்றோடொன்று பிசைந்து வந்தன.

“என்ன சார், ஏதாச்சும் இருக்கா?”

தணிகாசலம் குனிந்து, செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார்.