பழகிய கை

ஸ்காட்லாந்துக் கால்பந்துக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி ஒரே கிளப்பின் பெயர்தான். சாதனை, சாதனை என்று பத்திரிகைகள் மெச்சிக்கொள்ளட்டும். வருடா வருடம் மைதானத்து மூலையில் உட்கார்ந்து, ஜெயித்த அணியென்று அதே பெயரைக் கோப்பையில் பொறிக்கும் மர்டோவுக்குச் சலித்துவிட்டது. ஒருமுறையாவது தன் ஊர் அணியின் பெயரைப் பொறித்துவிட்டுச் செத்தால் போதும் என்பார்.

இன்று கடைசி நிமிடத்தில் அவர் ஊர் அணி கோல் போட்டு ஜெயித்துவிட்டது. கோப்பை உடனே மேடைக்குப் போயாக வேண்டும். கண்ணை நீர் மறைத்தது; சிற்றுளியைப் பழகிய கையின் போக்கில் விட்டார்.

"முடிஞ்சுதா மர்டோ? பசங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்று கை நீட்டினார் அதிகாரி.

மர்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொறித்ததைப் பார்த்தார். முத்து முத்தாக, அதே பழைய பெயர்.

"இன்னும் கொஞ்சம்" என்று கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார் மர்டோ.