முழு சிக்னல்

பார்த்திபன் தன் வீட்டு இணையத்தை ஒரு ஆப் மூலம் தெருவுக்கே பங்கு போட்டிருந்தான். அதில் அவன் கொடுப்பவன். கேட்டவர்களையெல்லாம் வாங்குபவர்களாகச் சேர்த்துக்கொண்டான். அந்தப் பட்டியலில் ஜெரோம் என்ற பெயரைப் பார்த்தாலே இப்போது அவனுக்கு வயிறு எரிந்தது. பார்த்திபன் செங்கல்பட்டுக்கு வேலைக்குக் கிளம்பியதும் ஜெரோம் ஆப்பில் வந்துவிடுவான். அதுவும் முழு சிக்னலோடு! வீட்டுக்குள் இருந்தால்தான் அவ்வளவு கிடைக்கும்.

ஒருநாள் மதியமே மாமல்லபுரம் திரும்பிக் கதவை இடித்தான்.

"எங்கடி அந்த ஜெரோம்?"

மனைவி அம்சா தன் போனை நீட்டினாள். "நான்தான். பொம்பள பேர்ல சேர்ந்தா கண்டவனும் மெசேஜ் போடறான்."

"நம்ம வூட்டு நெட்டுக்கு நீ இன்னாத்துக்கு அதுல சேர்ந்த?"

"பொண்டாட்டியா பாஸ்வேர்டு கேட்டேன், தரல. தெருக்காரனா கேட்டேன், ஒடனே குடுத்துட்ட."