இருபத்து மூன்றாவது ஆள்

இருபத்திரண்டு பேரை ஒரு பந்தியில் உட்காரவைப்பது உள்ளூரிலேயே பெரும்பாடு. வெளிநாட்டில், கடற்கரை ஹோட்டலில், எதை எடுத்துச் சாப்பிட்டாலும் தனியாகக் காசு கேட்காத இடத்தில் என்றால் கேட்கவா வேண்டும்? கையில் மஞ்சள் பட்டை கட்டிவிட்டார்கள். அது இருந்தால் மூன்று வேளைச் சாப்பாடு, ஜூஸ், நீச்சல் குளம், படகு சவாரி எல்லாம் பேக்கேஜில் அடக்கம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட, பெண் வீட்டார் பதினோரு பேர், பையன் வீட்டார் பதினோரு பேர் என்று பட்டாளமாகக் கிளம்பி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதற்குமுன் விமானம் ஏறியதில்லை.

அத்தை மட்டும் இல்லாவிட்டால் திண்டாடிப் போயிருப்பார்கள். குழாயில் வெந்நீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும், எந்த வரிசையில் நின்றால் சூடாகக் கிடைக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டே நாளில் யாருக்குச் சர்க்கரை, எந்தக் குழந்தைக்கு முட்டை ஆகாது என்று விரல் நுனியில் வைத்திருந்தாள். சின்னவர்கள் "அத்தை, அத்தை" என்று காலைச் சுற்றினார்கள். கல்லூரிப் பெண்கள் இருவரும் தங்கள் அறையிலேயே கூடுதலாகக் கட்டில் போடச் சொல்லி அவளைத் தங்கவைத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் மதியம், கல்யாண நாள் விருந்து. தினமும் கால்வாசிப் பேர் குளத்திலும் கால்வாசிப் பேர் கடையிலும் இருப்பார்கள். அன்றைக்குத்தான் எல்லாரும் ஒன்றாக உட்காரும்படி நீள மேஜை போட்டு, இருபத்திரண்டு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள்.

ஒரு நாற்காலி குறைந்தது.

மேனேஜர் அத்தையைத்தான் தேடி வந்தார். தமிழ் தெரிந்த மனிதர். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. புக்கிங் இருபத்திரண்டு பேருக்கு. சாப்பிடறது இருபத்து மூணு. யாரோ வெளியாள் உங்க கூட்டத்துல ஒட்டிக்கிட்டிருக்கான். எல்லார் பாஸ்போர்ட்டையும் பார்த்துடட்டுமா?"

அத்தை குரலைத் தாழ்த்தினாள். "நல்ல நாளும் அதுவுமா சம்பந்திங்க முன்னாடி பாஸ்போர்ட் கேப்பீங்களா? மானம் போயிடும். கொஞ்சம் பொறுங்க, சத்தமில்லாம நானே பிடிச்சுத் தரேன்."

அவள் கண்கள் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஜூஸ் மேடையருகே நின்றன. அங்கே தட்டும் கையுமாக ஒரு கண்ணாடிக்காரன் சுவரோரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாலு நாளாகவே அவன்மேல் அவளுக்கு ஒரு கண். யாரிடமும் பேசமாட்டான். குளத்தங்கரையில்கூட முழுக்கைச் சட்டை. சர்வர் பக்கத்தில் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

மேனேஜரை அழைத்துக்கொண்டு அத்தை நேராகப் போனாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

பட்டை இல்லை.

"யாருப்பா நீ? கூட்டத்தோட கூட்டமா நின்னா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சியா?"

அவனுக்குப் புரையேறியது. "நா... நான் வந்து..."

"என்ன வந்து போய்? நல்ல குடும்பத்துக்குள்ள புகுந்து ஓசியில சாப்பிடறியே, வெக்கமா இல்ல?"

அதற்குள், ஈரத்துணி மாற்றிய குழந்தையோடு மாப்பிள்ளையின் அண்ணி ஓடிவந்தாள். "ஐயோ அத்தை, விடுங்க! அவன் என் தம்பி! எங்கம்மாவுக்கு உடம்பு முடியலன்னு கடைசி நேரத்துல அவனைக் கூட்டிட்டு வந்தோம்."

மேனேஜர் பட்டியலைப் பார்த்தார். பெயர் இருந்தது.

"அப்புறம் பட்டை எங்க சார்?"

தம்பிக்காரன் தலை நிமிரவில்லை. "முதல் நாள் என் முறை வந்தப்போ தீர்ந்துடுச்சுன்னாங்க. திரும்பப் போய்க் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான்..."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். அத்தையின் முகம்தான் வெளிறிவிட்டது. "மன்னிச்சுக்கப்பா. நிஜமாவே நீ வேற யாரோன்னுதான் நினைச்சேன்" என்றாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள்.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "இவர் உங்க ஆளுன்னா, இவரோட பட்டை யார் கையில இருக்கு? இனி வேற வழியில்லம்மா. எல்லாரும் பாஸ்போர்ட்டோட வந்துடுங்க."

முதலில் நகர்ந்தவள் அத்தைதான். "நான் போய் எடுத்துட்டு வரேன். மத்தவங்களையும் அனுப்புங்க."

மாடிப்படி அருகே கடைக்குட்டி அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். "அத்தை, சாயந்திரம் படகுல என் பக்கத்துலதான் உக்காரணும்."

அத்தை குனிந்து அவன் வாயோரத்து ஐஸ்கிரீமைத் துடைத்துவிட்டாள். ஏதோ சொல்ல வந்தவள், கன்னத்தைத் தட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

கால் மணி நேரத்தில் இருபத்திரண்டு பாஸ்போர்ட்டும் மேஜைமேல் வந்து சேர்ந்தன. மேனேஜர் ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து முடித்தார். கணக்கு அச்சுப் பிசகாமல் இருந்தது.

பெண்ணின் அப்பா மாடிப்படியைப் பார்த்தார். "சம்பந்தி, உங்க அக்கா இன்னும் பாஸ்போர்ட் கொண்டு வரலையே?"

"என்ன சம்பந்தி விளையாடறீங்க? எனக்கு ஏது அக்கா? அவங்க உங்க அக்கா இல்லையா?"